மூலைக் குழியில் ஒரு மஞ்சள் பொடி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு வலது தோள்பட்டை வலிக்காத நாளே கிடையாது. உள்ளங்கை அகலக் கல்வம், விரல் நீளக் குழவி, அவ்வளவுதான் கருவி. ஆனால் அதில் போட்ட பொடியை நிறுத்தாமல் அரைக்க வேண்டும். கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தாலும் உலையில் வெந்து வரும்போது பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறமாக வந்து நிற்கும். அடுத்த மேசையில் அளக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"நீங்க அரைக்கிறதப் பாத்தா யார் மேலயோ பயங்கர கோவம் போல இருக்கு."

"இன்னும் யார் மேலயும் இல்ல. நீங்க இப்படிப் பேசிட்டே இருந்தா வரலாம்."

அவன் அதற்கப்புறமும் பேசிக்கொண்டுதான் இருந்தான். கோபம் வரவில்லை. கல்யாணம்தான் வந்தது.

அந்த ஆய்வுக்கூடம் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பொருளை. பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாக வைக்கக்கூடிய, தீப்பிடிக்காத, மின்சாரத்துக்குத் தாராளமாக வழிவிடுகிற ஒரு பொடி. அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. எதை எதோடு எவ்வளவு சேர்ப்பது என்று உட்கார்ந்து யோசித்தால் ஏழு தலைமுறைக்கும் தீராது. அதனால்தான் ஒரு நாள் மேசைகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டுத் தண்டவாளம் போட்டார்கள். அதன்மேல் நீளக் கழுத்தோடு ஓர் இயந்திரக் கை வந்து நின்றது. குனிந்து பொடியைக் கொத்தி எடுத்து, நிமிர்ந்து, யோசிப்பது போல ஒரு கணம் நின்று, அப்புறம் போடும். பார்த்த மாத்திரத்தில் உலைக்காரர் அதற்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டார். உலைகளைப் பழுது பார்க்கிற மனிதர் அவர். அவர் பட்டப்பெயர் வைக்காத பொருள் அந்தக் கட்டடத்தில் இல்லை. எதைக் கலக்க வேண்டும் என்று தானே முடிவெடுத்துக் கொக்குக்கு உத்தரவு போடுகிற செயற்கை நுண்ணறிவுக்கும் அவர்தான் பெயர் வைத்தார்: மேலிடம்.

"இன்னிக்கு மேலிடம் என்ன சொல்லுது?" என்று அவளிடம் கேட்பார்.

"கந்தகத்தக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுதுண்ணே."

"போட்டுடு. மேலிடத்து உத்தரவுக்குக் காரணம் கேட்டவன் எவனும் உருப்பட்டதில்ல."

மேலிடம் உத்தரவு போடும். கொக்கு எடை போட்டு, அரைத்து, உலையில் வைத்து, ஆறியதும் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்பி மூடும். அவளுக்கு மிஞ்சியது கடைசி வேலை. அந்தப் பொடிகளுக்குக் காற்றிலுள்ள ஈரம் ஆகாது. துளி ஈரம் பட்டாலும் கெட்டுப்போய், அழுகின முட்டை நாற்றம் வந்துவிடும். ஆகவே ஈரமே இல்லாத வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் முகப்பில் முழங்கை வரை நீளும் இரண்டு கறுப்பு ரப்பர் கையுறைகள். வெளியே நின்றபடி அவற்றுக்குள் கையை விட்டு, மூடிகளைச் சரிபார்த்து, மூடிமேல் கொக்கு சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் பிரிந்திருந்தால் திரும்பச் சுற்றி, பாட்டில்களை நுரைத் தட்டின் குழிகளில் வரிசையாக உட்கார வைத்து, தகரப் பெட்டிக்குள் அடைத்து அனுப்ப வேண்டும். பாட்டில் அக்கா என்று அவளுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். யார் வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி போகிற இடம் வேறு ஊர். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம். அளக்கிற கருவிகளுக்கு அதிர்வு ஆகாது என்று, ரயில் சத்தம் கேட்காத ஓரிடத்தில் பரிசோதனைக்கென்று தனிக் கட்டடம் கட்டினார்கள். பொடியை அங்கே வில்லையாக அழுத்தி, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, எண்ணை மேலிடத்துக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து மேலிடம் அடுத்த கலவையை யோசிக்கும். அளக்கத் தெரிந்தவன் என்று அவள் கணவனை அங்கே தூக்கிப் போட்டார்கள். ஆறு மாதம் என்றார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளுக்கு அங்கே வேலை காலி இல்லை. அவனுக்கு இங்கே மேசையே இல்லை, தண்டவாளம்தான் இருந்தது.

வீட்டில் அவளும் மாமனாரும்தான். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உலகத்தில் நடக்கிற எதையும் பஸ்ஸோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் அவருக்குப் புரியாது.

"புருஷன் ஒரு டிப்போ, பொண்டாட்டி ஒரு டிப்போ. இதுக்கு எதுக்கும்மா கல்யாணம்? கண்டக்டர் இல்லாம வண்டி ஓட்டின கதைதான்."

"இதுல யாரு மாமா கண்டக்டர்?"

"சில்லறை இல்லேன்னு மூஞ்சத் தூக்கி வச்சுட்டிருக்கே, நீதான்."

சாயங்காலம் அவன் போன் பண்ணுவான். சாப்டியா, சாப்டேன், அப்பா மாத்திரை போட்டாரா, போட்டாரு, வேற என்ன, வேற ஒண்ணும் இல்ல. ஒரே மேசையில் நாள் முழுக்க வாயாடிக்கொண்டிருந்த இரண்டு பேருக்குப் போனில் பேசத் தெரியவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசி முடித்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்: "இன்னிக்கு வந்த பெட்டியில ஒரு பாட்டில் நீ சுத்தினது, இல்ல?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"கொக்கு சுத்தினா ஃபிலிம் முனை வால் மாதிரி நீட்டிட்டு இருக்கும். நீ உள்ள மடிச்சு விட்டிருந்தே. கை தெரியுது."

கை தெரியுது என்ற அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் அந்த வாரத்தை ஓட்டினாள். அடுத்த பெட்டியில் எந்த மூடியும் தளர்ந்திருக்கவில்லை. அவள் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் ஒரு பாட்டிலை எடுத்தாள். மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். ஃபிலிமை இரண்டு சுற்றாகச் சுற்றி, முனையை உள்ளே மடித்து, தட்டின் வலது மூலைக் குழியில் வைத்தாள். மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது.

"மூலையில இருந்தது கிடைச்சுது."

"ம்."

"அதத்தான் முதல்ல எடுத்தேன்."

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பெட்டிக்குள் துண்டுச் சீட்டு வைக்கக் கூடாது, ஒரு தலைமுடி விழுந்தால்கூடக் கேள்வி வரும். ஆனால் எந்தப் பாட்டில் எந்தக் குழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பாட்டிலின் மேல் ஒட்டிய கோடுகளைப் படித்து எது எது என்று இயந்திரம் தெரிந்துகொள்ளும். எதை முதலில் அளப்பது என்பதும் திறக்கிற ஆளின் இஷ்டம். அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவர்கள் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தினார்கள்.

எதை மூலையில் வைப்பது என்பதில் அவளுக்கு யோசனையே இருந்ததில்லை. பெரும்பாலான பொடிகள் சுவரைச் சுரண்டிப் போட்டது போல வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். அதை ஒருவருக்கு அனுப்ப எப்படி மனசு வரும்? கந்தகம் தூக்கலாக இருக்கும் ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாக வரும். இருப்பதில் நல்ல மஞ்சளாகப் பார்த்து எடுத்து மூலையில் வைப்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மேலிடத்துக்கு மஞ்சள் பிடித்துப்போனது.

முதலில் தட்டுக்கு நாலைந்து மஞ்சள். பிறகு பாதித் தட்டு. பிறகு தட்டைத் திறந்தால் பூத்துக் கிடப்பது போல இருந்தது. குழுத் தலைவி காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் திரையின் முன்னால் நின்றாள். அவளுக்கு வயது குறைவு, படிப்பு அதிகம், தூக்கம் ரொம்பக் குறைவு.

"அக்கா, இங்க பாருங்க. மஞ்சள் குடும்பம் மேல போயிட்டே இருக்கு. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒண்ணு தூக்கி அடிக்குது!"

"நல்லதுதானே மேடம்."

"நல்லதான்னு கேக்கறீங்க! மத்ததெல்லாம் ஏன் பின்தங்குதுன்னுதான் புரியல. பார்சல்ல போற வழியில ஈரம் படுதோ என்னமோ. செய்யறதும் அளக்கறதும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா இந்தப் பிரச்சினையே இருக்காது." தலைவி குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிடாதீங்க. அடுத்த கூட்டத்துல அதத்தான் கேக்கப் போறேன். கொக்கு, உலைன்னு இந்த வரிசைய அப்படியே பெயர்த்து அங்க கொண்டுபோயிடலாம். கொக்கோட நீங்களும் போகணும். உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதமா என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் தலையை ஆட்டினாள்.

மாமனாரிடம் அன்றே சொல்லிவிட்டாள். வெளியே சொல்லக் கூடாது என்றால் மாமனார் வெளியே இல்லையே. அவர் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்கத் தொடங்கினார்.

"இன்னும் முடிவாகல மாமா."

"பெட்டிய துடைச்சு வைக்கறதுக்கு முடிவு எதுக்கும்மா? அங்க கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு அவன்கிட்ட கேட்டு வை."

போனில் அவனுக்கும் வாய் திறந்துகொண்டது. வீடு பார்க்கிறானாம். மாடியில் இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் வேலைக்கு நடந்து போகிற பாதை தெரியுமாம். காலையில் சேர்ந்து நடந்து போகலாம். கீழே ஒரு டீக்கடை. அவள் அந்த அறைகளை மனசுக்குள் பெருக்கித் துடைத்தாள். கட்டிலை இந்தச் சுவர் ஓரமாகப் போட்டாள், பிடிக்காமல் அந்தச் சுவர் ஓரமாக மாற்றிப் போட்டாள். மாமனாருக்கு ஜன்னல் பக்கம். அவருக்கு வண்டிகள் தெரிய வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் தலைவி ஒரு பெட்டி கேட்டாள். ஒப்பிட்டுக் காட்டுவதற்காகப் பழைய சாம்பல் கலவைகள் மட்டும். அந்தத் தட்டில் மஞ்சள் என்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. அவளுக்கு மூலையைக் காலியாக விட மனசு வரவில்லை. எல்லாம் ஒரே சாம்பல்தான் என்று கைக்கு வந்ததை எடுத்து, இறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, மூலையில் வைத்தாள்.

முடிவு வந்த அன்று தலைவி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "எல்லாம் எதிர்பார்த்த மாதிரிதான் கீழ இருக்கு. இது ஒண்ணு மட்டும் மஞ்சளுக்குச் சமமா வந்திருக்கு. ஏதோ அளவுல தப்பு. மேலிடமே இத ஒதுக்கி வைக்கச் சொல்லுது."

திரையில் அந்தப் பாட்டிலின் எண் இருந்தது. அவளுக்கு எண்கள் நினைவில் நிற்பதில்லை. ஆனால் அந்த ஒன்றை மூலையில் வைக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இதே எண் அவளைப் பார்த்தபடி இருந்தது ஞாபகம் வந்தது. அவள் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அன்று போனில் அவன் வீட்டுக்காரரோடு பேசியதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் இடைமறித்தாள்.

"ஏங்க, மூலையில இருக்கறத நீங்க எப்பவும் முதல்ல அளப்பீங்களா?"

"பின்ன? பெட்டியத் திறந்த உடனே அதுதான். மத்ததெல்லாம் திறந்த பெட்டியில காத்திட்டு இருக்கும்."

"காத்திட்டு இருந்தா கெடுமா?"

"கண்ணாடிக்குள்ளயும் துளி ஈரம் இருக்குமே, கொஞ்சம் கொஞ்சமா கெடத்தான் செய்யும். ஏன்?"

"நான் அத ரெண்டு சுத்து சுத்தறேன். மூடியும் இறுக்கி விடறேன். மத்தத விடறதில்ல."

கெட்டிக்காரன். சொல்லி முடிக்குமுன் புரிந்துகொண்டான்.

"சாம்பலையும் வச்சியா?"

"வச்சேன். அதுவும் ஜெயிச்சுடுச்சு."

"அப்போ மஞ்சள்..."

"மஞ்சள்ல ஒண்ணுமே இல்லாம இருக்கலாங்க. நான் எடுத்து வச்சது, நீங்க முதல்ல எடுத்தது. அதத்தான் மேலிடம் கத்துக்கிட்டிருக்கு."

அவன் மெதுவாகச் சொன்னான்: "நாம ஒண்ணும் பொய் சொல்லலையே. அளந்தது அளந்ததுதான். இங்க வந்ததுக்கு அப்புறம் சொல்லலாமே. வந்துடு முதல்ல."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. வந்துடு என்று அவன் சொன்னபோது உடம்பு பூராவும் எழுந்து போய்விட்டது, அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊர் ஊரா கந்தகம் வாங்கிக் குவிக்கப் போறாங்க," என்றாள். "அந்தப் பொண்ணு தூங்கறதே இல்ல. எத்தனை பேரு இத நம்பி மேல மேல வேலை செய்யப் போறாங்களோ. நான் அந்த மாடி ஜன்னல்ல நின்னுட்டு அதப் பாத்துட்டே இருக்கணும்."

"நீ சொல்லிடுவே. எனக்குத் தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சொல்லு. என் பேரையும் சேத்துச் சொல்லு. பாதி என் வேலைதான்."

மறுநாள் தலைவியின் அறையில், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தலைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"எத்தன மாசமாக்கா?"

"மழைக்கு முன்னால இருந்து."

"நான் அடுத்த வாரக் கூட்டத்துல இதச் சொல்லித்தான் எழுந்து நிக்கப் போறேன்." தலைவி எழுந்து கதவைச் சாத்தினாள். திட்டப் போகிறாள் என்று இவள் காத்திருந்தாள். "மேலிடம் மஞ்சளத் தேடலக்கா. உங்களத் தேடிட்டு இருந்திருக்கு."

தலைவி திரும்பி வந்து ஒரு தாளை எடுத்தாள்: "ஒரு பெட்டி போடுவோம். பாதி மஞ்சள், பாதி சாம்பல். எல்லாத்தையும் நீங்களே சுத்துங்க, ஒரே மாதிரி. எத எந்தக் குழியில வைக்கணும், எத முதல்ல அளக்கணும் எல்லாம் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணுவோம். மஞ்சள் நெஜமாவே நல்லதா இருந்தா அப்பவும் ஜெயிக்கும் இல்ல?"

ஜெயிக்கும் இல்ல. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் பெட்டியை நிரப்பினாள். ஒவ்வொரு மூடியையும் ஒரே அளவு இறுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று. ஒவ்வொரு முனையையும் உள்ளே மடித்தாள். மஞ்சளுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் சுற்றினாள். ஜெயிச்சுடு என்று வாய்க்குள் சொல்லவில்லை. சொன்னால் கை கேட்டுவிடும் என்று பயமாக இருந்தது.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று அவன் போன் பண்ணவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் பண்ணினான்.

"திறந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்," என்றான். "எல்லாப் பாட்டிலும் உன் கையா இருந்துது."

"அளந்தாச்சா?"

"அளந்தாச்சு."

"என்னாச்சு?"

"எல்லாமே நல்லா வந்திருக்கு. இதுவரைக்கும் வந்த பெட்டியிலயே இதான் ஒழுங்கான பெட்டி."

"மஞ்சள்?"

"சாம்பலோட சாம்பலா நிக்குது."

பரணுக்குக் கீழே துடைத்து வைத்த பெட்டி அப்படியே இருந்தது. மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். அவர் மறுபடி திரையைப் பார்த்தபடியே, "ரூட்டு மாத்தி விட்டாங்களா?" என்றார்.

"ஆமா மாமா."

"விடு. நான் ஓட்டாத ரூட்டா."

கூட்டத்தில் தலைவி மஞ்சளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பாட்டிலைச் சுற்றுவதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதைப் பற்றித்தான் பேசினாளாம். யாரும் கைதட்டவில்லை என்று அவளே வந்து சொல்லிவிட்டு, "ஆனா மேலிடத்த முதல்ல இருந்து ஆரம்பிக்க விட்டுட்டாங்கக்கா" என்றாள். வரிசையைப் பெயர்க்கிற பேச்சு அதோடு நின்றுபோனது. கொக்குக்கு ஃபிலிமை இரண்டு சுற்றுச் சுற்றி முனையை மடித்து விடுகிற வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். அது நன்றாகவே கற்றுக்கொண்டது. குழிகளின் வரிசையை இப்போது குலுக்கல் முடிவு செய்கிறது.

பார்சல் வழியில் எவ்வளவு ஈரம் படுகிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரே ஒரு பெட்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். யார் போவது என்று தலைவி யாரையும் கேட்கவில்லை. ரயில் சீட்டை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, "ஆடாம அசையாம கொண்டு போங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். "ஒரு தடவதான். அதுக்கு மேல எனக்கு அனுமதி இல்ல."

ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். காலையில் அந்தக் கட்டடம் நிஜமாகவே அமைதியாக இருந்தது. செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவன் கொஞ்சம் இளைத்திருந்தான். மற்றவர்கள் இருந்ததால் "வாங்க" என்றான், யாரோ அதிகாரியிடம் சொல்வது போல. அவளும் பெட்டியை அப்படியே நீட்டினாள்.

அவன் அதைக் கண்ணாடிக்குள் செலுத்தி, கறுப்புக் கையுறைகளுக்குள் கையை விட்டான். அவள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். இவ்வளவு நாளும் அவள் அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்த இடம் இது. அந்த விரல்கள் மூடியைத் திறந்தன, தட்டைத் தூக்கின. எதை முதலில் எடுப்பது என்று அவன் திரையைப் பார்த்தான். திரை ஓர் எண்ணைச் சொன்னது. அவன் தேடி அதை எடுத்தான். ஒரு சாதாரணச் சாம்பல். ஃபிலிம் கொக்கு சுற்றியது.

"அடுத்தது?" என்று கேட்டாள்.

"இது அளந்து முடிய நேரமாகும்."

"இருக்கேன்."

சாயங்கால ரயில் வரைக்கும் பொழுது இருந்தது. அவன் ஒரு கையை மட்டும் கையுறையிலிருந்து உருவி, பக்கத்திலிருந்த முக்காலியை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டான். அவள் உட்கார்ந்துகொண்டாள். வெகுகாலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேசைக்கு முன்னால் இருந்தார்கள். நடுவில் வில்லை மெல்ல அழுந்திக்கொண்டிருந்தது.